கையெழுத்து வேறு, வாக்கு வேறு

அமெரிக்கத் தேர்தல் என்றதும் நம் கண்ணில் படுவது அதிபர் போட்டிதான். ஆனால் கலிஃபோர்னியா வாக்காளரின் கைக்கு வரும் வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர்களோடு கேள்விகளும் இருக்கும். இந்த வரி வேண்டுமா, அந்தச் சட்டம் வேண்டாமா என்பதற்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று குறிக்க வேண்டும். அவற்றில் சில சட்டமன்றம் அனுப்பியவை. மற்றவை கையெழுத்து திரட்டி மக்கள் ஏற்றியவை. இதை மக்களாட்சியின் உச்சம் என்பவர்களும் உண்டு, வெறும் கூத்து என்பவர்களும் உண்டு. இரு தரப்பும் நம்புகிற சிலவற்றை உரசிப் பார்ப்போம்.

நம்பிக்கை: அமெரிக்கர்கள் கையெழுத்து திரட்டி எந்தச் சட்டத்தையும் கொண்டுவரலாம்.

உண்மை: தேசிய அளவில் அப்படி ஓர் உரிமையே கிடையாது. மனு மூலம் புதிய சட்டத்தையோ மாநில அரசமைப்புத் திருத்தத்தையோ வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும் வழி ஏறக்குறைய பாதி மாநிலங்களில் மட்டுமே இருக்கிறது. 1898இல் தெற்கு டகோட்டா இதைத் தொடங்கிவைத்தது; 1902இல் ஓரிகன் பின்தொடர்ந்தது. சதர்ன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் செல்வாக்கை ஒடுக்குவேன் என்று சொல்லி ஆளுநரான ஹைரம் ஜான்சன் காலத்தில், 1911இல், கலிஃபோர்னியாவும் இதை ஏற்றது. நியூயார்க் மாநிலச் சட்டங்களை இன்றும் இப்படிக் கொண்டுவர முடியாது.

நம்பிக்கை: மனுவில் கையெழுத்திட்டவர் அந்தக் கோரிக்கையின் ஆதரவாளர்.

உண்மை: ‘இதை மக்கள் முடிவு செய்யட்டும்’ என்பதற்குத்தான் அந்தக் கையெழுத்து. கையெழுத்திட்டவரே தேர்தலன்று ‘இல்லை’ என்று குறிக்கலாம், தடையேதும் இல்லை. ஆகவே லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டுவிட்டார்கள் என்பதை வைத்து வெற்றியைக் கணிக்க முடியாது.

நம்பிக்கை: எண்ணிக்கை சேர்ந்துவிட்டால் வாக்குச்சீட்டில் இடம் உறுதி.

உண்மை: கலிஃபோர்னியாவில் கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 5 சதவீதம் அளவுக்கு, அரசமைப்புத் திருத்தமென்றால் 8 சதவீதம் அளவுக்குக் கையெழுத்து வேண்டும். 2022 தேர்தல் கணக்குப்படி இவை முறையே 5,46,651, 8,74,641. சேகரிக்க 180 நாள் அவகாசம்.

அங்கே வசிப்பவர் எல்லாரும் கையெழுத்திட முடியாது. பதிவு செய்த வாக்காளராக இருக்க வேண்டும். எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கும் நம்மவர்கள் போடும் கையெழுத்து செல்லாது. தாள்கள் வந்துசேர்ந்ததும், மாவட்டத் தேர்தல் அலுவலகங்கள் ஒரு பகுதியை மாதிரியாக எடுத்து வாக்காளர் பட்டியலோடு ஒப்பிடும். அதன்படி செல்லத்தக்கவை தேவையான அளவில் 95 சதவீதத்துக்குக் கீழே என்று தெரிந்தால் மனு விழுந்துவிடும். 110 சதவீதத்துக்கு மேல் என்றால் தேறிவிடும். இடைப்பட்டால் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும்.

நம்பிக்கை: இந்தத் தலைவலி சட்டங்களுக்குத்தான், வேட்பாளர்களுக்கு இல்லை.

உண்மை: இந்தியாவில் சுயேச்சையாக நிற்பவருக்கு 10 முன்மொழிபவர்களும் வைப்புத்தொகையும் போதும். அமெரிக்காவில் சுயேச்சைகளும் சிறு கட்சியினரும் பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் கையெழுத்து திரட்ட வேண்டும். எத்தனை, எப்போதுக்குள் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 1992இல் ராஸ் பெரோ 50 மாநிலங்களிலும் வாக்குச்சீட்டில் ஏறினார். ஏறக்குறைய 19 சதவீத வாக்கு கிடைத்தும், அதிபரைத் தேர்வு செய்யும் தேர்வாளர் குழுவில் அவருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை.

பெரிய கட்சிக்குள்ளும் இந்தச் சல்லடை உண்டு. 2022இல் மிச்சிகன் ஆளுநர் பதவிக்குக் குடியரசுக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலில் நிற்க 15,000 கையெழுத்து தேவைப்பட்டது. கூலிக்குச் சேகரித்தவர்கள் போலிக் கையெழுத்துகளை நிரப்பித் தந்ததால் 5 பேர் களத்தில் இறங்கும் முன்பே வெளியேற நேர்ந்தது. 1996இல் பராக் ஒபாமா இலினாய் மாநில செனட்டுக்கு முதன்முதலில் நின்றபோது, சொந்தக் கட்சிப் போட்டியாளர்கள் 4 பேரின் மனுக்களையும் அவர் தரப்பு எதிர்த்தது. ஒருவரும் மிஞ்சவில்லை, முதனிலையில் அவர் போட்டியின்றி வென்றார்.

நம்பிக்கை: தெருவில் தாள் நீட்டுபவர் கொள்கைக்காக வந்த தன்னார்வலர்.

உண்மை: பல பெரிய மனுக்களில் அவர் கையெழுத்துக்கு இவ்வளவு என்று பணம் வாங்குபவர். பணம் கொடுத்துக் கையெழுத்து திரட்டுவதையே கொலராடோ தடை செய்திருந்தது. அந்தத் தடை கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988இல் ரத்து செய்தது. ரயில் நிறுவனத்தின் பணபலத்துக்கு எதிராகப் பிறந்த கருவி அதன்பின் பெருநிறுவனங்களுக்கும் எளிதாகக் கைகொடுத்தது. 2020இல் ஊபர், லிஃப்ட், டோர்டாஷ் முதலிய செயலி நிறுவனங்கள், தங்கள் ஓட்டுநர்களை ஊழியர்களாகக் கருத வேண்டியதில்லை என்ற முன்மொழிவு 22ஐக் கலிஃபோர்னிய வாக்குச்சீட்டில் ஏற்றின. அந்தத் தரப்பு செலவழித்தது சுமார் 20 கோடி டாலர். வென்றது.

பணமில்லாமல் முடியவே முடியாதா? முடியும். மிச்சிகனில் தொகுதி எல்லைகளை அரசியல்வாதிகள் கையிலிருந்து எடுத்துக் குடிமக்கள் ஆணையத்திடம் தரும் திருத்தத்துக்காகத் தன்னார்வலர்களே 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டினார்கள். ஒரு ஃபேஸ்புக் பதிவில் தொடங்கிய அந்த முயற்சி 2018இல் சுமார் 61 சதவீத வாக்கோடு வென்றது.

நம்பிக்கை: மக்கள் வாக்களித்து முடித்தால் அதை யாரும் மாற்ற முடியாது.

உண்மை: இது அந்தந்த மாநிலத்தைப் பொறுத்தது. கலிஃபோர்னியாவில் மக்கள் நிறைவேற்றிய சட்டத்தை, அந்தச் சட்டமே இடம் தந்தாலொழிய, மக்களைக் கேட்காமல் சட்டமன்றம் திருத்த முடியாது. யூட்டாவில் அந்த அளவுக்குப் பாதுகாப்பு இல்லை: 2018 நவம்பரில் மக்கள் ஏற்ற மருத்துவக் கஞ்சா சட்டத்தை அடுத்த மாதமே சட்டமன்றம் வேறொன்றால் மாற்றியது. மேய்ன் மக்கள் 2016இல் வேட்பாளர்களை விருப்பப்படி வரிசைப்படுத்தும் வாக்குமுறையை ஏற்றார்கள். சட்டமன்றம் மறு ஆண்டு அதைத் தள்ளிப்போட்டது. அவர்கள் மீண்டும் கையெழுத்து திரட்டி, 2018 ஜூனில் அந்த ஒத்திவைப்பைத் தோற்கடித்தார்கள். நீதிமன்றமும் குறுக்கே வரலாம். ஆவணமற்ற குடியேறிகளுக்குப் பொதுச் சேவைகளை மறுக்கும் முன்மொழிவு 187ஐக் கலிஃபோர்னியர்கள் 1994இல் ஏற்றும், அதன் பெரும்பகுதி நீதிமன்றத்தில் நின்றுபோனது.

மொத்தத்தில், மனு ஒரு கேள்வியை வாக்காளர் முன் வைக்கும். அதற்கு மேல் எதற்கும் உத்தரவாதம் தராது. அதைப் புகழ்வதற்கும் பழிப்பதற்கும் முன், வாசகத்தை எழுதியது யார், செலவு யாருடையது என்று பார்ப்பது நல்லது. சேகரிப்பவர் கூலிக்காரரா தன்னார்வலரா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று கலிஃபோர்னிய மனுத்தாளிலேயே அச்சிட்டிருக்கிறது. முக்கிய நிதியாளர்களின் பெயர்ப் பட்டியலையும் அங்கே காட்ட வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் பேனாவை எடுக்குமுன் அந்த இரண்டையும் கேட்டுவிடலாம்.