அயல்மண்ணில் ஒரு கூட்டுக் குடும்பம்

ஒரு குடும்பம் புதிய ஊரில் குடியேறும்போது எதிர்கொள்ளும் சோதனைகளில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரிபவை. புரியாத மொழி, ஒத்துக்கொள்ளாத தண்ணீர், கையிருப்புக் கரையும் வேகம், உறவென்று சொல்லிக்கொள்ள ஒருவருமில்லாத தனிமை ஆகியவற்றை எல்லோரும் அறிவர். கண்ணுக்குத் தெரியாத சோதனை ஒன்றும் உண்டு. புறப்படுவதென்று தீர்மானித்தவர் யார், அத்தீர்மானத்தின் சுமையைத் தாங்குபவர் யார் என்ற கேள்வியே அது. இரண்டும் ஒருவரே ஆனால் துன்பங்களைத் தாங்கிக்கொள்ள இயலும். வெவ்வேறானால் என்ன ஆகும் என்பதை வில்லியம் கேரியின் குடும்ப வரலாறு காட்டுகிறது.

வங்க உரைநடை, அச்சுத்தொழில், தாவரவியல் ஆகிய துறைகளில் கேரியின் பணி பலரும் அறிந்தது. அவருடைய மனைவி டாரதியைப் பற்றி அறிந்தவர் குறைவு. இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷயர் கிராமம் ஒன்றில் 1781-இல் செருப்புத் தொழிலாளியான கேரியை மணந்தபோது, திருமணப் பதிவேட்டில் கையெழுத்திடத் தெரியாமல் அடையாளக் குறி இட்டவர் அவர். இரண்டு பெண் குழந்தைகளை மண்ணுக்குக் கொடுத்தவர். சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அப்பால் உலகை அறியாதவர்.

இந்தியாவில் சமயப் பணி செய்யும் தீர்மானத்தைக் கணவர் தெரிவித்தபோது டாரதி உடன்படவில்லை. அப்போது அவர் கருவுற்றிருந்தார். மூத்த மகன் பெலிக்ஸை மட்டும் அழைத்துக்கொண்டு கேரி கப்பலேறினார். கம்பெனியின் அனுமதிச் சீட்டு இல்லாததால் அப்பயணம் தடைப்பட்டது. அதற்குள் ஆண்குழந்தை பிறந்திருந்தது. கேரியும் அவருடைய தோழர் ஜான் தாமஸும் வீட்டிற்குத் திரும்பி மீண்டும் அழைத்தனர். டாரதி மறுத்தார். வெளியேறிய தாமஸ் தாமே திரும்பி வந்து, இப்போது வராவிட்டால் குடும்பம் சிதறிப்போகும் என்று வற்புறுத்தினார். தங்கை கேத்தரினும் உடன் வரவேண்டும் என்ற ஒரே நிபந்தனையுடன் டாரதி இசைந்தார். கைக்குழந்தைக்கு அப்போது ஒரு மாதமும் நிறையவில்லை. இதைச் சம்மதம் என்று எழுதிச் செல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அச்சத்திலிருந்து பிறந்த இசைவை அப்பெயரால் அழைப்பது பொருந்துமா என்பது சிந்திக்கத் தக்கது.

மதனாவதியில்

1793 ஜூன் 13 அன்று டேனியக் கப்பலில் புறப்பட்டவர்கள் நவம்பர் 11 அன்று கல்கத்தாவை அடைந்தனர். கொண்டுவந்த பணம் சில வாரங்களில் கரைந்தது. தங்குமிடம் தேடி ஊர் ஊராக அலைந்த குடும்பம், 1794-இன் தொடக்கத்தில் சுந்தரவனக் காட்டோரமாகிய தேபஹாட்டாவிற்குச் சென்றது. அங்கே கம்பெனியின் உப்பு அதிகாரியான சார்லஸ் ஷார்ட் என்பவர் அவர்களுக்குத் தம் வீட்டில் இடமளித்தார். டாரதியையும் பெலிக்ஸையும் சீதபேதி வாட்டியது. சில மாதங்களில் வடக்கே மால்தா வட்டாரத்து மதனாவதியில் அவுரிச் சாயத் தொழிற்சாலை ஒன்றின் மேலாளர் பதவி கேரிக்குக் கிடைத்தது. மீண்டும் பயணம். இம்முறை கேத்தரின் உடன் செல்லவில்லை. பின்னர் ஷார்ட்டை மணந்துகொண்டார். தங்கையை நம்பிக் கடல் கடந்து வந்த டாரதியின் ஒரே ஊன்றுகோலும் இவ்வாறு நழுவியது.

அதே ஆண்டு அக்டோபரில் ஐந்து வயது மகன் பீட்டர் நோயில் இறந்தான். கேரியும் அப்போது காய்ச்சலில் படுத்திருந்தார். பிணத்தைத் தொட்டால் சாதி விலக்கு நேரும் என்று ஊரார் அஞ்சினர். சவப்பெட்டி செய்யத் தச்சர் கிடைக்கவில்லை. குழி தோண்டவும் ஆள் கிடைப்பது அரிதாயிற்று. கடைசியில் முஸ்லிம்கள் நால்வர் முன்வந்தனர். 1795 முதல் டாரதியின் மனம் பேதலித்தது. கணவரின் நடத்தையைப் பற்றிய ஆதாரமற்ற ஐயங்கள் அவரை ஆட்கொண்டன. 1807-இல் இறக்கும்வரை அந்நோய் அவரை விடவில்லை.

பழைய சரிதங்கள் அவரைக் கேரியின் பொறுமையைச் சோதிக்க வந்த பாரமாகவே சித்திரித்தன. இது நியாயமன்று. கணவருக்குக் கற்க மொழியும், பேசப் பண்டிதர்களும், நட்டு வளர்க்கச் செடிகளும் இருந்தன. மனைவிக்கு அந்த ஊரில் என்ன இருந்தது?

ஸ்ரீராம்பூர் இல்லம்

1800 ஜனவரியில் இவ்வரலாறு திசை மாறியது. இங்கிலாந்திலிருந்து வந்த வார்டு, மார்ஷ்மன் தம்பதியர் முதலானோருடன் கேரி குடும்பம் ஹூக்ளிக் கரையில் உள்ள ஸ்ரீராம்பூரில் சேர்ந்து வாழத் தொடங்கியது. அவ்வூர், நம் தரங்கம்பாடியைப் போலவே, அன்று டேனிய ஆட்சியில் இருந்தது. கம்பெனியின் பகுதியில் தடைப்பட்ட பணிக்கு அங்கே அடைக்கலம் கிடைத்தது.

பெரியவர்களும் சிறுவர்களுமாகச் சுமார் இருபது பேர் ஒரே இல்லத்தினராயினர். மொரேவியச் சபையாரின் வாழ்க்கைமுறை அவர்களுக்கு முன்மாதிரி. உணவு ஒரே மேஜையில். குடும்ப நிர்வாகம் மாதம் ஒருவரிடம். கேரியிடம் பொதுப் பணமும் மருந்துப் பெட்டியும் ஒப்படைக்கப்பட்டன. எவரும் தமக்கெனத் தனித் தொழில் செய்வதில்லை. 1801-இல் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்த கேரியின் ஊதியமும், ஹன்னா மார்ஷ்மன் நடத்திய பள்ளியின் வருவாயும் பொது நிதியில் சேர்ந்தன.

இவ்விதிகளுள் மிக நுட்பமானது சனிக்கிழமை மாலைக் கூட்டம். வாரத்தில் எழுந்த மனத்தாங்கல்களை அனைவரும் அமர்ந்து வெளிப்படையாகப் பேசித் தீர்த்து, அன்பை மீண்டும் உறுதி செய்துகொள்வதற்கென அம்மாலை ஒதுக்கப்பட்டது. பக்தர்கள் கூடி வாழ்ந்தாலும் மனத்தாங்கல் எழவே செய்யும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட விதி இது. ஒப்புக்கொள்ளாத குடும்பங்களில் அது சமையலறையிலும் படுக்கையறையிலும் மௌனமாக வளரும்.

இந்த அமைப்பிற்குச் சோதனை உடனே வந்தது. 1799 அக்டோபருக்கும் 1801 அக்டோபருக்கும் இடையே கிராண்ட், பவுண்டன், பிரன்ஸ்டன், தாமஸ் என நான்கு ஆண்கள் இறந்தனர். எஞ்சியோர் தளராமல் பணியைத் தொடர முடிந்தது. தாயின் நோயாலும் தந்தையின் வேலை மிகுதியாலும் கட்டுப்பாடின்றி வளர்ந்திருந்த கேரியின் புதல்வர்களை வார்டும் ஹன்னாவும் தம் பிள்ளைகளாக ஏற்றனர். பெலிக்ஸ் அச்சகத்தில் வார்டின் துணைவனானான். அடுத்த அறையில் டாரதியின் கூச்சல் கேட்டுக்கொண்டிருக்கையில் கேரி மொழிபெயர்ப்பில் ஈடுபட முடிந்ததற்கும் இக்கூட்டுக் குடும்பமே காரணம். ஆனால் சனிக்கிழமைக் கூட்டத்தில் அமர்ந்து தம் குறையைச் சொல்லும் நிலையை டாரதி என்றோ கடந்திருந்தார். 1793-இல் அப்படி ஒரு மாலை அவருக்கு வாய்த்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது ஊகத்திற்கு உரியது.

அந்த இல்லம் பிற்காலத்தில் பிளவுபட்டதற்கும் இதே கேள்வி ஓரளவு காரணம் எனலாம். கேரியின் உறவினரான யூஸ்டஸ் கேரி உள்ளிட்ட இளைஞர்கள் சிலர் பின்னர் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தனர். பொது மேஜையும் பொது நிதியும் முதல் குழுவினர் தாமே விரும்பி மேற்கொண்ட விரதம். இளைஞர்களுக்கோ, தாம் வருமுன்னரே பிறர் எழுதி வைத்த சட்டம். மூத்தவர்களின் அதிகாரத்தை ஏற்க இயலாமல் அவர்கள் கல்கத்தாவில் தனி அமைப்பை உருவாக்கிக்கொண்டனர். 1827-இல் ஸ்ரீராம்பூர் இல்லமும் இங்கிலாந்தின் தாய்ச் சங்கமும் முறைப்படி பிரிந்தன. அதன்பிறகும் எஞ்சிய மூத்தவர்களாகிய கேரியும் மார்ஷ்மன் தம்பதியரும், கேரி 1834-இல் மறையும்வரை, ஸ்ரீராம்பூரிலேயே சேர்ந்து வாழ்ந்தனர்.