லாயத்துக்கு 20,000, கையை விட்டுப் போவது 28,000: குதிரையோடு ஊர் மாறுபவர்களுக்கு ஒரு கணக்கு



"சார், பெங்களூருக்கு டிரான்ஸ்பர். எனக்கு வீடு பார்த்தாச்சு. குதிரைக்கு ஒரு லாயத்துல மாசம் 20,000 சொல்றாங்க. சமாளிச்சிடலாம்ல?"

கேட்டவர் என் கிளையண்ட். சென்னையில் ஐடி வேலை, கைக்கு வரும் சம்பளம் 75,000. ரேஸிலிருந்து ஓய்வு பெற்ற குதிரையை ஒரு பைக் விலைக்கும் குறைவாக வாங்கியவர். குதிரை விஷயத்தில் வாங்குற விலை சின்னது, வளர்க்குற விலைதான் பெரியது. அதனால் உடனே 'சரி'ன்னு சொல்லாம, ஒரு பேப்பர் எடுக்கச் சொன்னேன்.

முதல்ல முழுக் கணக்கு

கீழே இருப்பது அவர் விசாரித்து வந்த தொகைகள். ஊருக்கு ஊர் மாறும். உங்கள் எண்களைப் போட்டுக்கோங்க.

- லாயக் கட்டணம்: 20,000
- அதுக்கு 18% ஜிஎஸ்டி: 3,600
- லாடம், குளம்பு வெட்டுதல்: 6 வாரத்துக்கு ஒருமுறை 2,000, மாதக் கணக்கில் சுமார் 1,450
- தடுப்பூசி, குடற்புழு மருந்து, பல் பராமரிப்பு: வருஷம் 18,000, மாதம் 1,500
- போய்வர பெட்ரோல்: 1,600

மொத்தம் 28,150. சொன்ன தொகையை விட 40% அதிகம்!

இவருக்கு வீட்டு வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்புறது எல்லாம் போக மிச்சம் 30,000. அதில் குதிரைக்கு 28,150 போனா, கையில் 1,850. எஸ்ஐபி, அவசர நிதி இரண்டுமே காலி. பணம் பத்தலைன்னா எஸ்ஐபியை ரெண்டு மாசம் நிறுத்தலாம். குதிரையோட புல்லை நிறுத்த முடியுமா?

வரி விஷயத்தில் மூணு தப்பு

1. லாய வாடகையை ஹெச்ஆர்ஏவில் காட்ட முடியாது. நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை.

2. கால்நடை மருத்துவமனை தரும் சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ஆனால் விலங்கு வளர்ப்புச் சேவைகளுக்கான விலக்கில் குதிரை வளர்ப்பை மட்டும் தனியாக வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். அதனால் லாயம் ஜிஎஸ்டியில் பதிவு செய்திருந்தால் பில்லில் வரி வரும். டாக்டர் பில்லை லாயத்துப் பில்லோடு கலக்காமல், கிளினிக்கிலிருந்தே உங்கள் பெயரில் வாங்கிடுங்க.

3. "கம்பெனி ரீலோகேஷன் பணம் தரும்"னு நம்பி லாரி பேசாதீங்க. குதிரைச் செலவும் அதில் அடங்கும்னு ஹெச்ஆர் மெயிலில் எழுதித் தந்தால் மட்டும் பட்ஜெட்டில் சேருங்க.

நேரில் போய் என்ன பார்க்கணும்?

சொல்லிட்டு ஒரு தடவை, சொல்லாம ஒரு தடவை போங்க. சாயங்காலம் தீவனம் வைக்கும் நேரம் நல்லது. 450 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 7 முதல் 9 கிலோ உலர்ந்த புல் வேணும். தண்ணீர் 25 லிட்டருக்கு மேல். தொட்டியில் தண்ணீர் இருக்கா, வைக்கோல் பூஞ்சை பிடிக்காம இருக்கா, ஒரு ஆள் எத்தனை குதிரையைக் கவனிக்கிறார், தினமும் வெளியே விடுறாங்களா, ராத்திரி டாக்டர் வர எவ்வளவு நேரம் ஆகும்னு பாருங்க. புதுசா வரும் குதிரையைக் கொஞ்ச நாள் தனியா வைக்கும் லாயம்னா, அது நல்ல அறிகுறி. நோய் பரவாமல் இருக்க அதுதான் வழி.

கையெழுத்துக்கு முன்னால்

- கட்டணத்தில் எது அடக்கம், எது தனி?
- எத்தனை நாள் நோட்டீஸ், டெபாசிட் எப்போ திரும்ப வரும்?
- நீங்க போன் எடுக்காத நேரத்தில் கோலிக் என்ற வயிற்று வலி வந்தால், எவ்வளவு ரூபாய் வரைக்கும் அவங்களே முடிவெடுத்து வைத்தியம் பார்க்கலாம்?
- பாக்கி இருந்தால் குதிரையை அனுப்ப மாட்டோம்னு வரி இருக்கா?

மூணாவது கேள்வி ரொம்ப முக்கியம். கோலிக் சில மணி நேரத்தில் உயிரை எடுத்துடும். அதுக்குன்னு மூணு மாச லாயச் செலவைத் தனி சேமிப்புக் கணக்கில் வையுங்க.

மாறும் மாதம்

லாரியில் ஏற்றுமுன், பயணத்துக்குத் தகுதி, தொற்றுநோய் இல்லைன்னு கால்நடை மருத்துவர் சான்றிதழ் வாங்கணும். 1978-ம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகள் அதைக் கேட்கின்றன. பழைய லாயத்துத் தீவனத்தில் பத்து நாளுக்கானதை எடுத்துட்டுப் போய், புதுசோட கொஞ்சம் கொஞ்சமா கலந்து மாத்துங்க. திடீர்னு மாத்தினா வயிறு கெடும். இரண்டு லாயத்துக்கும் ஒரு மாசம் சேர்த்துக் கட்ட வேண்டி வரலாம், அதையும் பட்ஜெட்டில் போடுங்க.

கடைசியில் என்ன ஆச்சு?

நம்ம ஆள் குதிரையை விற்கல. அதே லாயத்தில் சவாரி பழகும் ஒருத்தரோட பாதிச் செலவு ஒப்பந்தம் போட்டார். வாரத்தில் மூணு நாள் சவாரி அவருக்கு, செலவில் பாதியும் அவருக்கு. வைத்தியச் செலவு யார் தலையில்னு எழுத்தில் இருக்கு. இவர் பங்கு 14,075. எஸ்ஐபி தொடருது. அப்படி ஒருத்தர் கிடைக்கும் வரை, இரண்டு மாசம் குதிரை சென்னை லாயத்திலேயே இருந்தது.

உங்ககிட்ட குதிரை இல்லாம இருக்கலாம். ஆனா மாசாமாசம் கட்ட வேண்டிய எதுக்கும், சொன்ன தொகைக்குக் கீழே இன்னும் நாலு வரி எழுதிப் பாருங்க. அப்புறம் கையெழுத்துப் போடுங்க.

அடுத்த பதிவில் சந்திப்போம்!