தோல் வாஷர் கற்பிக்கும் பாடம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோலும் காலணிகளும் கடல் கடந்து செல்கின்றன. ஆனால் நம் வீட்டில் ஒரு செருப்பு வார் அறுந்தாலோ, சைக்கிள் பம்பில் காற்று ஏறாமற் போனாலோ, அதை மூலையில் எறிந்துவிட்டுப் புதியது வாங்க எண்ணுகிறோம். பழுது பார்ப்பதற்குக் கைத்திறன் மட்டும் போதாது. பொருள் எதனால் ஆனது, ஏன் கெட்டது என்ற இரு கேள்விகளுக்கும் விடை தெரிய வேண்டும். தோற்பொருள்கள் சிலவற்றைக் கொண்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோலின் தன்மை

பச்சைத் தோலில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நீர். எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். கயிறுபோல் முறுக்கிய இழைகளாக அது பின்னிக் கிடக்கிறது. அப்படியே விட்டால் அழுகும். காய்ந்தால் பலகைபோல் விறைக்கும். ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றிலுள்ள டானின், அல்லது குரோமிய உப்பு, அவ்விழைகளோடு பிணைந்து அழுகாமற் காக்கிறது. இதுவே பதனிடுதல். அதன்பின் ஏற்றப்படும் எண்ணெய், இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர உதவுகிறது. எனவே தோல் கெடுவதற்கு முக்கியக் காரணங்கள் மூன்று எனலாம்: எண்ணெய் வற்றுதல், ஈரத்தோடு சேர்ந்த சூடு, இரும்பு.

எண்ணெய் வற்றிய வாஷர்

சைக்கிள் பம்பின் தண்டு முனையில் கிண்ணம் போன்ற தோல் வாஷர் இருக்கும். தண்டை அழுத்தும்போது காற்றின் அழுத்தம் கிண்ணத்தின் விளிம்பை விரித்துக் குழாய்ச் சுவரோடு ஒட்டவைக்கிறது. இழுக்கும்போது அதே விளிம்பு உட்புறமாக ஒதுங்கிக் காற்றுக்கு வழிவிடுகிறது. ஒரே தோல் துண்டு அடைப்பாகவும் வால்வாகவும் வேலை செய்கிறது! எண்ணெய் வற்றினால் அது சுருங்கி விறைக்கும். காற்று பக்கவாட்டில் தப்பிவிடும்.

மேல் மூடியைத் திருகிக் கழற்றித் தண்டை வெளியே எடுக்கவேண்டும். வாஷரைத் துடைத்து, தேங்காய் எண்ணெயிட்டு ஊறவிட்டு, விளிம்பை விரலால் மெல்ல விரிக்கவேண்டும். கிண்ணத்தின் வாய் கீழ்நோக்கி இருக்குமாறு மீண்டும் பூட்டினால் போதும். கிழிந்திருந்தால் மட்டுமே புதிய வாஷர் தேவை. மண்ணெண்ணெய்ப் பம்பு ஸ்டவ்விலும் இதே அமைப்புதான். ஆனால் அடுப்பு நன்கு ஆறி, காற்றை முழுவதும் வெளியேற்றிய பிறகே அதில் கை வைக்கவேண்டும்.

எல்லா இடத்திற்கும் தோலே சிறந்தது என்று நினைக்க வேண்டாம். 1970களில் உருவான ‘இந்தியா மார்க் 2’ கைப்பம்பில் தோல் வாஷர்களே இருந்தன. அவை தேய்ந்தால் ஆழத்திலுள்ள குழாய்களை எல்லாம் மேலே தூக்கவேண்டும். 1980களில் கோயம்புத்தூர்ப் பகுதியில் நடந்த கள ஆய்வின் பயனாக வந்த ‘மார்க் 3’ பம்பில் நைட்ரைல் ரப்பர் வாஷர் இடம்பெற்றது. குழாய்களைத் தூக்காமலே அதை மாற்றவும் முடிந்தது. வேலைக்கேற்ற பொருளைத் தேர்வதும் பழுதுபார்ப்பின் ஒரு பகுதியே.

நனைந்த செருப்பு

மழையில் நனைந்த செருப்பை அடுப்பருகே வைத்து உலர்த்துவோர் உண்டு. இது தவறு. ஈரமான பச்சைத் தோல் ஏறத்தாழ 60 பாகை செல்சியசைத் தாண்டினால் சுருங்கிவிடும். பட்டையால் பதனிட்ட தோல் 70 முதல் 85 பாகை வரை தாங்கும். நன்கு குரோமியம் ஏற்றிய தோலோ கொதிநீரையும் தாங்கும். சாயம் உள்வரை ஏறாத தோலாயின், வெட்டிய விளிம்பைப் பார்த்தே இனம் காணலாம்: பழுப்பு நிறம் பட்டைத் தோல், நீலச் சாம்பல் நிறம் குரோம் தோல். எதுவாயினும் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துவதே நலம்.

கறுத்த ஆணி

பட்டைத் தோலில் இரும்பாணி அடித்தால், ஈரம் பட்டதும் அதனைச் சுற்றிக் கறுப்புக் கறை படரும். டானினும் இரும்பும் சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது. கடுக்காயும் அன்னபேதியும் கலந்து நம் முன்னோர் மை காய்ச்சியதும் இவ்வேதிவினையாலேயே. ஆகவே பைப்பிடிக்கும் வாருக்கும் பித்தளை அல்லது செப்பு ஆணியே ஏற்றது.

வார் தைக்கும்போது தேன்மெழுகு தேய்த்த நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரு பக்கமிருந்தும் செலுத்தவேண்டும். ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். அடிப்பாகம் பிரிந்திருந்தால், இரு பரப்பையும் உப்புத்தாளால் தேய்த்துச் சொலுஷனைத் தடவி, கையில் ஒட்டாத அளவு உலர்ந்தபின் அழுத்தவேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் கரைப்பான் உள்ளே சிக்கி ஒட்டு நிற்காது. அதன் ஆவி தீப்பிடிக்கும், மூச்சுக்கும் கேடு. எனவே திறந்த வெளியில், நெருப்புக்கு அப்பால் செய்க.

மிஞ்சும் தோல் துண்டுகளை அடுப்பெரிக்கப் பயன்படுத்தலாகாது. குரோம் தோலை எரித்தால் அதிலுள்ள குரோமியம், நச்சுமிக்க ஆறிணைதிற குரோமியமாக மாறிச் சாம்பலில் தங்கக்கூடும்.

முடிவுரை

எங்கள் வீட்டில் டேனரி வேலைக்குச் சென்றோர் பலர். கல்லூரிக்கு வந்தவன் நானே முதல்வன். தோலை மடித்துப் பார்த்தே அதன் தரத்தைச் சொல்லும் கைகள் அவர்களுடையவை. அக்கைகள் அறிந்தவற்றின் காரணங்களை நான் வகுப்பறையில் கற்கிறேன். இவ்விரண்டும் சேரும்போதுதான் கல்வி நிறைவு பெறுகிறது. பட்டம் பெற்ற கை குத்தூசி பிடிப்பது இழிவு என்ற எண்ணம் நம்மிடம் இருக்குமானால், அது நம்மை வளர்த்தவர்களையே இழிவுபடுத்துவதாகும்.

மற்றொன்றும் உண்டு. இத்தோலுக்காகப் பாலாறு கொடுத்த விலை பெரிது. டேனரிக் கழிவுநீரால் நம் நிலத்தடி நீர் கெட்டதைப் பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்கவேண்டும் என்பதை அத்தீர்ப்பு வலியுறுத்தியது. அவ்வளவு விலை கொடுத்துக் கிடைத்த தோலை ஒரு தையல் அறுந்ததற்காகக் குப்பையில் எறியலாமா? மாணவ நண்பர்களே, அடுத்த முறை வீட்டில் ஒரு பொருள் பழுதடைந்தால், எறிவதற்கு முன் ஏன் கெட்டது என்று கேளுங்கள். விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.