அந்த மனிதன் நானோ? - மனித உரிமைக் கல்வியில் நூலும் கலையும்

தாவீது அரசன் தன் படைவீரனாகிய உரியாவின் மனைவியைத் தனதாக்கிக் கொண்டான். அதை மறைப்பதற்காக உரியாவைப் போர்முனையில் மடியும்படி செய்தான். அரசனைத் தட்டிக் கேட்க எவருமில்லை. அவ்வேளையில் இறைவாக்கினர் நாத்தான் அவனிடம் சென்றார். அவர் சட்ட ஏட்டை விரிக்கவில்லை, கட்டளைகளை ஒப்புவிக்கவுமில்லை. ஒரு கதை சொன்னார்.

ஓர் ஊரில் ஏராளமான ஆடுமாடுகளையுடைய செல்வன் ஒருவன் இருந்தான். பிள்ளையைப்போல் வளர்த்த ஒரேயொரு ஆட்டுக்குட்டியைத் தவிர வேறொன்றுமில்லாத ஏழையும் அங்கேயே இருந்தான். செல்வனின் வீட்டுக்கு விருந்தாளி வந்தபோது, தன் மந்தையில் கைவைக்க மனம் வராமல், ஏழையின் குட்டியைப் பிடித்துச் சமைத்தான். இதைக் கேட்ட தாவீது கொதித்தெழுந்து, அப்படிப்பட்டவன் சாகத் தகுந்தவன் என்றான். அந்த மனிதன் வேறு யாருமல்ல, அரசனேதான் என்று நாத்தான் அவன் முகத்துக்கு நேரே சொன்னார். (2 சாமுவேல், 12ம் அதிகாரம்.)

கொலை செய்யாதே, பிறன் மனைவியை விரும்பாதே என்னும் கட்டளைகள் தாவீதுக்குத் தெரியாதவையா? நன்றாகத் தெரியும். தெரிந்திருந்ததை நெஞ்சில் தைக்கச் செய்தது அந்தக் கதை. நூல்களையும் கலைகளையும் கொண்டு மனித உரிமைகளை எவ்வாறு கற்பிக்கலாம் என்று ஆராயும் இப்பாடத்திற்கு நாத்தானையே நமது முதல் ஆசிரியராகக் கொள்வோம்.

1. பிரகடனமும் நம் பிள்ளைகளும்

1948ம் ஆண்டு டிசெம்பர் 10ம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. அதில் 30 உறுப்புரைகள் உள்ளன. கல்வி மனித உரிமைகளுக்கான மதிப்பை வலுப்படுத்த வேண்டும் என்று 26ம் உறுப்புரை கூறுகிறது. சமுதாயத்தின் கலை வாழ்விற் பங்குபற்றும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று 27ம் உறுப்புரை கூறுகிறது. இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பது பொருத்தமானதே.

பாப்பரசர் 23ம் அருளப்பர் 1963ம் ஆண்டு ஏப்ரில் 11ம் திகதி வெளியிட்ட 'அவனியில் அமைதி' என்னும் சுற்றுமடலில், மனிதன் மனிதனாயிருப்பதனாலேயே அவனுக்குரிய உரிமைகளை வரிசையாக எடுத்துரைத்தார். உரிமை ஒவ்வொன்றுடனும் ஒரு கடமையும் பிணைந்துள்ளது என்பதையும் அவர் மறவாது சேர்த்துக்கொண்டார். 1965ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இனம், நிறம், மொழி, சமூக நிலை, சமயம் என்பவற்றின் பெயரால் செய்யப்படும் பாகுபாடு இறைவனின் திட்டத்துக்கு மாறானது என்று தெளிவாகப் போதித்தது.

இவற்றுட் சிலவற்றை நம் பிள்ளைகள் பாடசாலையிலும் படிக்கிறார்கள். பரீட்சையில் நல்ல புள்ளிகளும் பெறுகிறார்கள். ஆனால் அதே பிள்ளை வீட்டுக்கு வரும்போது, முற்றத்தில் வேலை செய்தவருக்குத் தனிப் பாத்திரத்தில் தேநீர் கொடுக்கப்படுவதைக் கண்டால், எந்தப் பாடம் அதன் மனதில் நிலைக்கும்? கேட்டதைவிடக் கண்டதே நிலைக்கும் என்பது பெற்றோர் அறிந்த உண்மையன்றோ.

2. சட்டம் மட்டும் போதவில்லை

இது வெறும் ஊகமன்று. யாழ்ப்பாணத்தின் வரலாறே இதற்குச் சான்று. சாதியின் பெயரால் ஒருவரைக் கடையிலோ கோவிலிலோ பொது இடத்திலோ தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957ம் ஆண்டிலேயே இலங்கைப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதன் பின் 9 ஆண்டுகள் கழிந்தும், தேநீர்க் கடையில் மற்றவர்களைப்போல் அமர்ந்து தேநீர் அருந்துவதற்காக மக்கள் தெருவிலிறங்க வேண்டியிருந்தது. 1966ம் ஆண்டு ஒக்டோபர் 21ம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி நடந்த தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலம் இவ்வாறு எழுந்ததே. 1968ல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது.

ஏட்டில் இருந்த சட்டத்துக்கும் மனிதரின் நெஞ்சுக்கும் இடையில் இருந்த தூரத்தைக் குறைக்க எழுத்தாளரும் கலைஞரும் உழைத்தார்கள். என். கே. ரகுநாதன் எழுதிய 'நிலவிலே பேசுவோம்' என்னும் சிறுகதை அவற்றுள் ஒன்று. மேடையில் சமத்துவம் பேசும் பெரிய மனிதரொருவரைத் தாழ்த்தப்பட்ட மக்கள் நம்பிக்கையோடு வீடு தேடி வந்து காண்கிறார்கள். அவர்களைத் தம் வீட்டுக்குள் அழைக்க மனமில்லாத அவர், வெளியே நல்ல நிலவென்று இனிமையாகச் சொல்லி அவர்களை வெளியே அழைத்துச் செல்கிறார். அக்கதையில் அடிதடியில்லை, வசை மொழியுமில்லை; இருப்பது ஒரு சிரிப்பும் நிலவும்தான். ஆயினும் படித்தவர் பலர் அந்த நிலவில் தம் முகத்தைக் கண்டிருப்பார்கள்.

மாவிட்டபுரப் போராட்டத்தைப் பொருளாகக் கொண்டு அதே எழுத்தாளர் எழுதிய 'கந்தன் கருணை' காத்தவராயன் கூத்துப் பாணியில் மேடையேறியது. எழுத்தறியாதவரும் அறிந்த மெட்டில் உரிமையின் செய்தி அவர்கள் செவிக்குச் சென்றது.

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் சிகை அலங்கார நிலையம் நடத்திய டொமினிக் ஜீவாவையும் இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். சாதிச் சொல்லால் அவமதிக்கப்பட்டு இளவயதிலேயே பள்ளியை விட்டவர் அவர். வாசித்தே வளர்ந்தார். 'தண்ணீரும் கண்ணீரும்' என்னும் அவரது சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966ல் 'மல்லிகை' சஞ்சிகையைத் தொடங்கி, பல்லாண்டு காலம் தாமே சுமந்து விற்று நடத்தினார். 2021ல் அவர் மறைந்தார். பள்ளிக்கூடம் மறுத்த மதிப்பை நூல் அவருக்கு அளித்தது; அவரோ அந்த நூலையே பிறருக்குப் பள்ளிக்கூடமாக்கினார்.

3. நம் வீட்டு முற்றத்துக் கதை

மாவிட்டபுரக் கதையைக் கேட்டு, அது சைவர் கோவில் விவகாரம் என்று நாம் ஒதுங்கி நிற்கலாமா? அங்கேதான் தாவீதின் சோதனை நமக்கும் வருகிறது. அடுத்தவரின் குற்றத்துக்காகக் கோபப்படுவது எளிது.

'பஞ்சமர்' என்னும் நாவலைத் தந்த கே. டானியல், தமது இறுதிக் காலத்தில் 'கானல்' என்னும் நாவலை எழுதினார். 1986ல் அவர் காலமானார். கிறிஸ்தவம் தழுவினால் சமத்துவம் கிடைக்கும் என்று நம்பி வந்த யாழ்ப்பாணத்துத் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு, அந்த நம்பிக்கை கானல்நீராய்ப் போனதை அது சித்திரிக்கிறது. நூலின் பெயரே தீர்ப்பாக நிற்கிறது. ஆசிரியரின் அரசியற் கொள்கைகள் எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியைத் தவிர்க்க முடியாது. ஒரே பீடத்தில் ஒரே அப்பத்தைப் பகிர்ந்துகொண்ட நம் முன்னோர், ஆலயத்து இருக்கையிலும் சேமக்காலையிலும் கலியாணப் பந்தியிலும் எவ்வளவு தூரம் ஒன்றாயிருந்தார்கள்? இன்று திருமணப் பேச்சு வரும்போது நாம் முதலில் விசாரிப்பது எதனை?

நம்மிடமுள்ள கலைச் செல்வமும் இக்கேள்வியையே கேட்கிறது. குருநகர், பாஷையூர், நாவாந்துறை ஆகிய ஊர்களில் நாட்டுக்கூத்து நமது வேத பாடத்தின் ஒரு பகுதியாகவே வளர்ந்தது. தேவசகாயம்பிள்ளை கூத்தை அறியாத கத்தோலிக்கர் நம்மிடையே குறைவு. திருவிதாங்கூரில் பிறந்து, 1745ல் ஞானஸ்நானம் பெற்று, 1752ல் சுட்டுக் கொல்லப்பட்ட அவர், உயர்ந்த சாதியிற் பிறந்திருந்தும் எல்லாருடனும் வேறுபாடின்றிப் பழகியவர். 2022ம் ஆண்டு மே 15ம் திகதி புனிதராக உயர்த்தப்பட்டபோது, சாதியைக் குறிக்கும் 'பிள்ளை' என்னும் சொல் விடப்பட்டு, தேவசகாயம் என்ற ஞானஸ்நானப் பெயராலேயே அவர் அழைக்கப்பட்டார். விலங்கு பூட்டும் கட்டத்தில் கண்ணீர் விடுகிறோம். அவர் எதற்காகத் தம் உறவினரின் வெறுப்பைச் சம்பாதித்தார் என்று கூத்து முடிந்து வீடு திரும்பும் வழியில் பேசிக்கொள்கிறோமா?

1965ல் மரியசேவியர் அடிகளார் தொடக்கிய திருமறைக் கலாமன்றம், பாடுகளின் காட்சியோடு நின்றுவிடாமல், அமைதியையும் இன நல்லுறவையும் பொருளாகக் கொண்ட நாடகங்களையும் தந்தது. நமது மேடை பக்திக்கு மட்டுமன்றி, மனச்சாட்சிக்கும் உரியது என்பதை அது காட்டியது.

4. எரிந்த நூலகமும் வெறுமையான தெருவும்

நூல்கள் மனிதரை விழிக்கச் செய்வன என்பதை அவற்றை அழிக்க வந்தவர்களும் அறிந்திருந்தார்கள். 1981ம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணத்தில் பொலிசாரும் குண்டர்களும் நடத்திய வன்செயலின்போது யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானது. ஏறக்குறைய 97,000 நூல்களும் அரிய ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. அந்நூலகம் எழுவதற்குப் பாடுபட்டவர்களுள் புனித பத்திரிசியார் கல்லூரி அதிபராயிருந்த லோங் அடிகளாரும் ஒருவர். அதே கல்லூரியிலிருந்து தீயைக் கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் அதிர்ச்சி தாங்காது உயிர் நீத்தார்.

இக்கொடுமையைக் குறித்து 'புத்தரின் படுகொலை' என்னும் கவிதையை எழுதியவர் எம். ஏ. நுஃமான். நூலகத்தை எரித்தவர்கள் புத்தரையே கொன்றுவிட்டார்கள் என்னும் கருத்துப்பட அமைந்த அக்கவிதை உலகெங்கும் பேசப்பட்டது. எழுதியவர் கிழக்கிலங்கையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம். அக்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். நமது துயரைத் தமதாக எண்ணிப் பாடினார்.

9 ஆண்டுகளின் பின், 1990ம் ஆண்டு ஒக்டோபர் 30ம் திகதி, யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் சில மணி நேரத்துக்குள் வெளியேற்றப்பட்டார்கள். தலைமுறை தலைமுறையாக நம்மோடு வாழ்ந்தவர்களின் தெருக்கள் வெறுமையாயின. அந்நாளில் எத்தனை பேர் அவர்களின் துயரை நமதாக எண்ணினோம்? அச்சம் இருந்தது உண்மை. ஆயினும் நமது பிள்ளைகளுக்கு நூலகம் எரிந்த கதையை மட்டும் சொல்லி, இதனைச் சொல்லாது விட்டால், நாம் கற்பிப்பது பாதிப் பாடமே. நமக்கு இழைக்கப்பட்ட அநீதியைச் சொல்லும் கலை நமது கண்ணைத் துடைக்கும். நம்மிடையே இழைக்கப்பட்ட அநீதியையும் சொல்லும் கலையே நமது கண்ணைத் திறக்கும்.

5. வீட்டிலும் பங்கிலும் செய்யக்கூடியவை

தொழிலாள இளைஞர் நடுவே உழைத்த பெல்ஜிய நாட்டுக் குரு யோசேப் கார்டைன் வகுத்த முறை நம் இளைஞர் சபைகளுக்குப் பழக்கமானதே: பார்த்தல், தீர்மானித்தல், செயற்படல். இதனையே பின்பற்றலாம்.

பார்த்தல்: வாரத்தில் ஒரு மாலை, செபமாலைக்குப் பின், குடும்பமாகக் கூடி ஒரு சிறுகதையை வாசியுங்கள். பிள்ளைகளில் ஒருவர் உரத்து வாசிக்கட்டும், அம்மம்மாவும் கேட்கட்டும். 2005ல் தொடங்கிய 'நூலகம்' இணையத் திட்டத்தில் 'மல்லிகை' முதலிய ஈழத்துச் சஞ்சிகைகளின் பழைய இதழ்களை இலவசமாகவே வாசிக்கலாம்.

தீர்மானித்தல்: வாசித்ததும் அறிவுரை கூறத் தொடங்காதீர்கள். மூன்று கேள்விகள் போதும். இக்கதையில் யாருடைய உரிமை பறிக்கப்பட்டது? அதைக் கண்டும் பேசாதிருந்தவர் யார்? நான் இக்கதைக்குள் இருந்தால் எந்த இடத்தில் நின்றிருப்பேன்? மூன்றாவது கேள்விக்குப் பெற்றோரே முதலிற் பதில் சொல்லட்டும். தவற்றை ஒப்புக்கொள்ளும் தந்தையைக் கண்ட பிள்ளை அந்தப் பாடத்தை மறவாது.

செயற்படல்: கண்ணீர் விட்டோம், கைதட்டினோம், வீடு திரும்பினோம் என்று முடியும் நாடகம் யாருக்கும் உரிமை பெற்றுத் தராது. ஆகவே ஒவ்வொரு வாசிப்பும் ஒரு சிறு செயலில் முடியட்டும். தனிப் பாத்திரத்தை அகற்றுவது ஒரு செயல். கூலியாளுக்குப் பேசிய கூலியை அன்றே கொடுப்பது ஒரு செயல். பள்ளியை விட்டு நின்ற அயல்வீட்டுப் பிள்ளையை மீண்டும் சேர்க்க முயல்வது ஒரு செயல். மீளத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பமொன்றைப் பெயர் சொல்லி நலம் விசாரிப்பதும் ஒரு செயலே.

பங்குகளில் திருநாட் கூத்துக்குப் பின் அரை மணி நேரம் ஒதுக்கி, அண்ணாவியாரும் நடிகரும் பார்வையாளரும் சேர்ந்து பேசலாம். மறைக்கல்வி வகுப்பில் நாத்தானின் கதையை இன்றைய யாழ்ப்பாணத்தில் நடப்பதாகப் பிள்ளைகளையே நடிக்கச் செய்யலாம். ஏழையின் ஆட்டுக்குட்டி இன்று எது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். நாம் எதிர்பாராத ஒன்றை அவர்கள் சுட்டிக்காட்டவும் கூடும். அப்போது கோபியாதிருப்போமாக.

தாவீது அரசன், தன் குற்றத்தை எடுத்துக்காட்டிய நாத்தானைச் சிறையிலிடவில்லை. தான் பாவம் செய்ததை ஒப்புக்கொண்டான். அவனுடைய பெருமை அதுவே. நல்ல நூல் ஒன்றை மூடும்போதும், நல்ல கூத்து முடிந்து எழும்பும்போதும், 'அந்த மனிதன் நானோ?' என்று நம்மை நாமே கேட்போமானால், மனித உரிமைப் பாடம் நமது வீட்டில் தொடங்கிவிட்டது எனலாம்.

சிந்திக்க:
1. நமது வீட்டுக்குள் வராமல் முற்றத்தோடு திரும்பிச் செல்பவர் யார்? ஏன்?
2. நமது பங்கின் பழைய கதைகளுள் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தயங்கும் கதை எது?
3. இவ்வாரம் நமது குடும்பம் வாசிக்கப்போகும் கதை எது? அதன்பின் செய்யப்போகும் செயல் என்ன?