பரணுக்குப் போகாத பரிசு

கேள்வி: அக்கா புது வீட்டுக்குக் குடிபோகிறாள். இடத்தை அடைக்காத பரிசாக என்ன கொடுக்கலாம்?
– வாசகி, மதுரை

பதில்: கிரகப்பிரவேசம் முடிந்த எந்த வீட்டுப் பரணையும் பாருங்கள். பிரிக்காத சுவர்க்கடிகாரம் நாலு, பிள்ளையார் பொம்மை மூன்று இருக்கும். நீங்களும் ஒன்று சேர்க்க வேண்டாம். தின்று தீர்வதையோ, அனுபவித்து முடிவதையோ கொடுங்கள். புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இரண்டுமே நல்ல தேர்வு. பால்கோவா சீக்கிரம் கெடும், கடலைமிட்டாய் தாங்கும். கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால், அக்கா ரொம்ப நாளாகப் போக நினைக்கும் ஊருக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுங்கள். பயணத்துக்கு 60 நாள் முன்பே முன்பதிவு தொடங்கிவிடும்; தேதியை மட்டும் அவளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எதுவும் தோன்றாவிட்டால் மொய்க் கவரே மேல். ஃபேனோ கிரைண்டரோ, தேவையானதை அவளே வாங்கிக்கொள்வாள்.