மூளையில் குருதிக் கசிவு: வெடிப்பது நரம்பன்று

"பிரஷர் கூடி மூளை நரம்பு வெடிச்சுப் போச்சுது" என்று செத்தவீடுகளில் சொல்லக் கேட்கிறோம். முள்ளியவளை, தண்ணீரூற்று, வற்றாப்பளை, எந்த ஊரானாலும் இந்தப் பேச்சு உண்டு. ஆனால் வெடிப்பது நரம்பன்று. குருதியைக் கொண்டு செல்லும் நாடி. இந்த வேறுபாடு சிறிதெனத் தோன்றினும், நோயின் காரணம் முழுவதும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

மூளையின் ஆழத்துக்குச் செல்லும் நாடிகள் நூலிழை போன்றவை. அவை பெரிய நாடிகளிலிருந்து நேரே கிளைப்பதால், அங்குள்ள அமுக்கத்தின் பெரும்பகுதியை இம்மெல்லிய சுவர்களே தாங்க வேண்டியிருக்கிறது. குருதியமுக்கம் ஆண்டுக்கணக்காக உயர்ந்தே இருக்குமாயின் அச்சுவர் இறுகி, பின்னர் நைந்து, ஒருநாள் பிளந்துவிடுகிறது. மண்டையோடோ விரியாத பெட்டி. கசிந்த குருதிக்கு வெளியேற வழியில்லை. அது உறைந்து கட்டியாகி மூளையை நெருக்குகிறது. முதற் சில மணித்தியாலங்களில் பலருக்கு இக்கசிவு மேலும் பெருகும். ஒரு மாதத்துக்குள் பத்துப் பேரில் ஏறக்குறைய நால்வர் இறந்துவிடுகின்றனர்.

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இந்நோயினாலேயே இறந்தார். 1944 மார்ச்சில் அவருடைய குருதியமுக்கம் 186/108. 1945 ஏப்ரல் 12ஆம் நாள் தலையின் பின்புறம் கடுமையாக வலிக்கிறதென்று கூறிச் சரிந்தபோது அது 300/190. உலகின் மிகப் பலம் வாய்ந்த நாட்டின் தலைவருக்கு அன்று கொடுப்பதற்கு ஏற்ற குளிசை இருக்கவில்லை. இன்று நம்மூர்க் கிளினிக்கில் இலவசமாகத் தருகிறார்கள். நாமோ அதை அலுமாரியில் வைத்துவிட்டு இருக்கிறோம்!

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. "தலையிடி இல்லை, தலைச்சுற்று இல்லை, பிறகேன் குளிசை?" என்று கேட்பவர் அநேகர். உயர் குருதியமுக்கம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. கிளினிக்கில் "இப்ப நல்லாயிருக்கு" என்று சொன்னால், குளிசை வேலை செய்கிறது என்பதே அதன் பொருள். தவக்காலத்து ஒருசந்தியன்று குளிசையையும் நிறுத்துவோர் உண்டு. மடுவுக்குப் போகும்போது சட்டி பானை முதற்கொண்டு ஏற்றிவிட்டுக் குளிசைப் பையை மறந்து போவோரும் உண்டு. ஒருசந்தி உணவுக்கே, மருந்துக்கன்று.

பல குளிசைகளைக் கண்டு மனம் சலிப்பதும் ஒரு காரணமே. இதற்கு இலங்கையிலேயே ஒரு வழி பரீட்சிக்கப்பட்டது. மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாக்கி 700 நோயாளரிடையே நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. ஆறு மாத முடிவில் அக்குளிசையைப் பெற்றவர்களில் 70 வீதமானோரின் அமுக்கம் கட்டுக்குள் வந்தது. வழமையான சிகிச்சை பெற்றவர்களில் 55 வீதமே.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராமுக்குக் குறைவு போதுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாய் மூன்றும் ஒரே கோப்பையில் சேர்ந்தால் கணக்கு எங்கே நிற்கும்? கசிப்பும் சாராயமும் புகையிலையும் ஆபத்தை மேலும் கூட்டுகின்றன.

குருதியமுக்கம் ஒன்றே காரணமன்று. இதய வால்வு மாற்றியவர்கள் உட்கொள்ளும் வோபரின் அளவு மிஞ்சினால் மூளையிலும் கசியலாம். ஆகவே குருதிப் பரிசோதனைத் தவணையைத் தவறவிடலாகாது. வயலில் முத்திரைப் புடையன் தீண்டினால் குருதி உறையும் தன்மையை இழக்கும். சிலருக்கு மூளையில் கசிவு ஏற்படுவதும் உண்டு. மோட்டார் சைக்கிளிலோ மரத்திலோ இருந்து விழுந்தவர்களின் நிலை சொல்லாமலே விளங்கும். ஆனால் முதியவர் ஒருவர் கிணற்றடியில் வழுக்கித் தலையை இடித்துக்கொண்டால், வாரங்கள் கழிந்த பின்னும் உள்ளே மெல்லக் கசிந்து தேங்கியிருக்கலாம். தடுமாற்றமும் மறதியும் தொடங்கினால் "வயசு போச்சுது" என்று விட்டுவிடக் கூடாது. இது சத்திர சிகிச்சையால் பெரும்பாலும் குணமாகக்கூடியது. இளவயதினரிடம் பிறப்பிலேயே அமைந்த நாடிப் பின்னலோ, நாடியில் ஏற்பட்ட புடைப்போ வெடிக்கலாம். வாழ்நாளில் அறியாத தலையிடி ஒரு நொடியில் உச்சிக்கேறுவது அதன் அடையாளம்.

வாய் கோணுதல், ஒருபக்கக் கை கால் சோர்தல், பேச்சுக் குழறுதல், வாந்தி, மயக்கம், இவற்றில் எதைத் திடீரெனக் கண்டாலும் உடனே 1990 அம்புலன்சை அழையுங்கள். வட பகுதியில் 2018 முதல் இச்சேவை இலவசமாக உண்டு. தொடங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள். மயங்கினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சோடாவோ கோப்பியோ வாயில் ஊற்றினால் அது சுவாசப்பைக்குள் போகும். எண்ணெய் தேய்ப்பதில் போகும் நேரம் திரும்பி வராது. முக்கியமாக, அஸ்பிரின் கொடுக்க வேண்டாம். நாடி அடைத்தாலும் வெடித்தாலும் வெளியே தெரிவது ஒன்றுதான். ஆனால் அடைப்புக்கு உதவும் மருந்து கசிவை மோசமாக்கும். இரண்டையும் பிரித்தறிய ஸ்கான் வேண்டும். 1971இல் லண்டனில் முதன்முதலாக ஒருவரின் மூளை சீ.ரி. ஸ்கான் கருவியால் படமெடுக்கப்படும் வரை, திறமை மிக்க வைத்தியரும் ஊகித்தே முடிவு சொல்லவேண்டியிருந்தது.

மாஞ்சோலையிலுள்ள மாவட்ட வைத்தியசாலைக்கு முதலில் கொண்டு செல்லுங்கள். யாழ்ப்பாணம் நூறு கிலோமீற்றருக்கும் அப்பால். முதற் சிகிச்சையின்றி நேரே வாகனத்தில் ஏற்றிச் செல்வது ஆபத்து. எங்கு அனுப்புவதென்பதை வைத்தியர் தீர்மானிப்பார்.

"ஒப்பரேஷன் செய்யவில்லையே" என்று உறவினர் குறைப்படுவதுண்டு. எல்லாக் கசிவுக்கும் மண்டையைத் திறப்பதால் பயனில்லை. சிறுமூளையில் பெரிதாகக் கசிந்தால் அவசரமாகத் திறப்பார்கள். ஆழத்தில் கசிந்தால் பெரும்பாலும் மருந்தே. இலங்கை உட்படப் பத்து நாடுகளில் 7,036 நோயாளரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2023இல் வெளியானது. மேல் அமுக்கத்தை ஒரு மணித்தியாலத்துக்குள் 140க்குக் கீழே கொண்டுவருதல், சீனியையும் காய்ச்சலையும் கட்டுப்படுத்தல், வோபரினின் வேகத்தை முறித்தல் ஆகியவற்றை ஒருங்கே விரைந்து செய்தபோது பிழைத்தோரும் நன்கு தேறியோரும் கூடினர். இவற்றில் எதற்கும் கத்தி தேவையில்லை, நேரமே தேவை.

பிழைத்தவரை வீட்டுக்குக் கொண்டுவந்த பின் கை கால் பயிற்சியை நாள்தோறும் செய்விக்க வேண்டும். முதல் மூன்று மாதங்களிலேயே தேறுதல் வேகமாக இருக்கும். இரண்டு மணித்தியாலத்துக்கொருமுறை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப்புண் வராது. பார்க்க வருவோர் அன்போடு நீட்டும் தேத்தண்ணியை, விழுங்கும் ஆற்றலை வைத்தியசாலையில் சோதித்துச் சரி என்று சொல்லும்வரை, கொடுக்க விடாதீர்கள்.