கையால் தைத்துக் கொடுக்கும் பரிசு



தோழிக்குப் பிறந்தநாள், அக்காவுக்கு வளைகாப்பு, அம்மாவுக்கு அன்னையர் தினம். உடனே கைப்பேசியை எடுத்து ஷாப்பியைத் திறக்கிறோம். இருபது ரிங்கிட்டில் பெயர் அச்சடித்த கோப்பை ஒன்று மூணு நாளில் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால், போன வருசம் உங்களுக்கு யார் என்ன பரிசு கொடுத்தார்கள் என்று இப்போது நினைத்துப் பாருங்கள். எத்தனை ஞாபகம் வருகிறது?

இந்த மாதப் பாடம் தையல். துண்டுத் துணிகளை ஒட்டிப் போர்வையாகத் தைப்பது, அதாவது கில்ட். "ஐயோ, இது பொம்பளைங்க வேலை"ன்னு பக்கத்தைப் புரட்டப் போகும் தம்பிகள் கொஞ்சம் நில்லுங்கள். முதலில் ஒரு ஆண்பிள்ளையின் கதை.

பெரிய புராணத்தில் நேச நாயனார் என்று ஒருவர் வருகிறார். அறுபத்து மூவரில் ஒருவர். காம்பீலி என்ற ஊரில் நெசவுத் தொழில் செய்யும் குலத்தில் பிறந்தவர். அவர் பெரிய கோயில் எதுவும் கட்டவில்லை, பதிகமும் பாடவில்லை. மனசு சிவபெருமான் திருவடியில், வாய் ஐந்தெழுத்தில், கை தறியில். அவ்வளவுதான் அவர் வாழ்க்கை. உடை, கோவணம், கோவணத்தை இடுப்பில் கட்டும் கீள், இவற்றைத் தன் கையால் நெய்து வருகிற அடியார்களுக்குக் கொடுத்தார். அதற்காகத்தான் அவர் நாயன்மார் வரிசையில் இருக்கிறார். தலபுராணக் கதை போல அற்புதம் ஒன்றும் இதில் இல்லை என்பதால் பேச்சுப் போட்டியில் யாரும் இவரை எடுப்பதில்லை. எனக்கு என்னவோ இவரைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் நெய்த துணியில் பழுது இருக்காது என்று சேக்கிழார் குறிப்பாகச் சொல்கிறார். "கையால் செய்ததுதானே, கொஞ்சம் கோணலா இருந்தா என்ன?" என்கிற சமாதானம் அவரிடம் இல்லை. நாமும் அதை விட்டுவிட வேண்டும். அன்பாகச் செய்தோம் என்பதற்காகப் பிரிந்து போகிற தையலை ஒருவர் தலையில் கட்டக் கூடாது.

இனி, நம் பக்கத்திலேயே நடந்த ஒன்று. 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது. அங்கிருந்த ஐரோப்பியக் குடும்பங்களைச் சாங்கி சிறைக்குக் கொண்டு போனார்கள். அறுநூறு பேருக்காகக் கட்டிய சிறையில் ஆயிரக்கணக்கானவர்களை அடைத்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்களும் பிள்ளைகளும் மறுபக்கம். படைவீரர்களாக இருந்த கணவன்மார் வேறு முகாமில். யார் உயிரோடு இருக்கிறார், யார் இல்லை என்று சொல்ல வழியே இல்லை.

அந்தச் சிறையில் எலிசபெத் என்னிஸ் என்ற செவிலியர் பெண் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு சாரணியர் குழு நடத்தினார். இருபது பேர் அளவில் இருந்த அந்தச் சிறுமிகளுக்குத் தங்கள் தலைவியின் பிறந்தநாளுக்கு ஏதாவது கொடுக்க ஆசை. கடை கிடையாது, காசு கிடையாது. கிடைத்த கந்தல் துணிகளை அறுகோணத் துண்டுகளாக வெட்டி, பழைய உடுப்புகளில் இருந்து நூலைப் பிரித்தெடுத்து, அவருக்குத் தெரியாமல் ஒரு போர்வை தைத்தார்கள். லண்டனில் உள்ள போர் அருங்காட்சியகத்தில் அது இன்றும் இருக்கிறது.

அதைப் பார்த்துத்தான் செஞ்சிலுவைச் சங்கத்தைச் சேர்ந்த எத்தல் மல்வானி என்ற கனடா நாட்டுப் பெண்மணிக்கு யோசனை வந்தது. சிறையில் இருந்த பெண்களுக்கு ஆளுக்கு ஆறு அங்குலச் சதுரத் துணி ஒன்றைக் கொடுத்து, உங்களைப் பற்றிய ஏதாவது ஒன்றை இதில் தையுங்கள் என்றார். ஒரு போர்வைக்கு அறுபத்தாறு சதுரம். பூ, வீடு, கப்பல், சிறை அறை என்று தைத்து ஓரத்தில் பேரையும் போட்டார்கள். காயம்பட்டவர்களுக்கான போர்வை என்று சொல்லி, மருத்துவமனை வழியாக அனுப்பினார்கள். மூன்று போர்வைகளில் ஒன்றை ஜப்பானிய வீரர்களுக்கு என்றே தைத்ததால் அதிகாரிகளும் தடுக்கவில்லை. மற்ற இரண்டிலும் இருந்த பெயர்கள்தான் உண்மையான செய்தி. அந்தத் துணியில் மனைவியின் பேரைப் பார்த்தவருக்கு, அவள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்தது. கடிதம் போக முடியாத இடத்துக்குப் போர்வை போனது. அதில் இரண்டு ஆஸ்திரேலியாவில் கான்பராவின் போர் நினைவகத்தில் இருக்கின்றன.

அதே காலத்தில் நம் தோட்டத்து மக்களுக்கு உடுத்தத் துணி இல்லாமல் சாக்கைக் கட்டிக்கொண்ட கதையை உங்கள் பாட்டன் பாட்டியிடம் கேட்டிருப்பீர்கள். கேட்காதவர்கள் இந்த வாரமே கேளுங்கள். சொல்லுவதற்கு ஆள் குறைந்துகொண்டே வருகிறது.

சரி, இப்போது வேலைக்கு வருவோம்.

முதல் போர்வை சின்னதாக இருக்கட்டும். குழந்தையைத் தரையில் படுக்கவைத்து விளையாட்டுக் காட்டுகிற அளவு, 27 அங்குலச் சதுரம் போதும். பழைய பருத்திச் சேலை, வேட்டி, சட்டை எதுவும் ஆகும். பாலியஸ்டர் சேலை வேண்டாம். வழுக்கும், இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகும். பட்டு அழகுதான், ஆனால் அடிக்கடி துவைக்க முடியாது. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நூல் தேய்ந்து வெளிச்சம் வடிகிற இடத்தைத் தவிர்த்து வெட்டுங்கள். சிவப்பு, கருநீலத் துணிகளை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திச் சாயம் போகிறதா என்று பார்க்காமல் சேர்க்காதீர்கள். ஒரே ஒரு சிவப்புத் துண்டு போதும், முழுப் போர்வையும் ரோஸ் ஆகிவிடும்.

அட்டையில் ஐந்து அங்குலச் சதுரம் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். அதை வைத்து, தேய்ந்து போன சோப்புத் துண்டால் கோடு போட்டு, 36 துண்டுகள் வெட்ட வேண்டும். தையல் கடைக்காரர்கள் பலர் இன்னமும் சோப்பால்தான் கோடு போடுகிறார்கள், துவைத்தால் போய்விடும். நான்கு பக்கமும் கால் அங்குலம் விட்டுத் தைத்தால் ஒவ்வொரு துண்டும் நாலரை அங்குலமாக நிற்கும். வரிசைக்கு ஆறு, மொத்தம் ஆறு வரிசை. கணக்கு சரியாக 27 வரும். தைப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் தரையில் பரப்பி நிறத்தை மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் பிறகு குழப்பம் வராது.

முதலில் வரிசை வரிசையாகத் தைத்து இஸ்திரி போடுங்கள். ஒரு வரிசையின் தையல் மடிப்புகளை வலது பக்கமும் அடுத்த வரிசையின் மடிப்புகளை இடது பக்கமும் சாய்த்துத் தேயுங்கள். அப்போதுதான் நான்கு துண்டுகள் சந்திக்கும் மூலை புடைக்காமல் ஒன்றோடொன்று பொருந்தி உட்காரும். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் நான் இரண்டு போர்வையைக் கெடுத்தேன்.

நடுவில் வைக்கப் பழைய டவலோ மடித்த வேட்டியோ போதும். அடியில் 30 அங்குலத்துக்கு ஒரு முழுத் துணி. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நடுவில் இருந்து ஓரத்தை நோக்கி ஊக்குக் குத்திக்கொண்டே போங்கள். ஓரத்தில் இருந்து ஆரம்பித்தால் நடுவில் சுருக்கம் மாட்டிக்கொள்ளும். பிறகு இரண்டு அங்குல இடைவெளியில் ஓட்டுத் தையல். மூன்று அடுக்கையும் ஊசி தொட வேண்டும். வங்காளத்துப் பெண்கள் செய்யும் காந்தா இதே வேலைதான். பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையில் இருந்து உருவிய வண்ண நூலால் ஓட்டுத் தையல் போடுவார்கள். அந்தத் தையல் இழுக்கிற இழுப்பில் துணி மெல்லிய அலை அலையாக எழும்பும். அந்தச் சுருக்கம்தான் அதற்கு அழகு. கடைசியாக அடித்துணியையும் நடுத்துணியையும் மேல்துணியின் அளவுக்கு வெட்டி, இரண்டரை அங்குல அகலத் துணியால் சுற்றி ஓரம் கட்ட வேண்டும். 118 அங்குல நீளம் தேவைப்படும். சேலையின் கரை இருந்தால் அதையே வெட்டுங்கள், சட்டம் போட்ட மாதிரி இருக்கும்.

கையாலே தைத்தால், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்று மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள். "விளக்கு வெச்ச பிறகு ஊசி எடுக்காதே" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லலாம். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் விழுந்த ஊசியைத் தேட முடியாத காலத்தில் வந்த பழக்கம் என்று நான் நினைக்கிறேன். அதற்காகப் பாட்டியிடம் வாதாடாதீர்கள், சனி ஞாயிறு பகலில் தைத்தால் ஆச்சு. ஆனால் அதில் உள்ள எச்சரிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஊசி வெளியே வந்தால் ஐந்து ஊசியும் உள்ளே போக வேண்டும். குழந்தைக்குப் போகிற துணி என்றால் ஊக்கையும் எண்ணுங்கள். பொத்தான், கண்ணாடி, மணி எதுவும் வைக்காதீர்கள். ஒரு வயது ஆகாத பிள்ளையைத் தூங்கும்போது இதைப் போர்த்த வேண்டாம் என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். முகத்தை மூடினால் மூச்சுத் திணறும். விழித்திருக்கும்போது கீழே விரிக்கத்தான் இது.

பழைய துணியைப் பரிசாகக் கொடுக்கலாமா? இளைஞர் வகுப்பில் இதைச் சொன்னாலே வரும் முதல் கேள்வி. கேட்பதில் நியாயம் இருக்கிறது. கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் கோடித் துணியில் மஞ்சள் தடவிக் கொடுப்பதுதான் நம் முறை, அங்கே கிழித்து ஒட்டிய துணியைத் தட்டில் வைத்தால் பெரியவர்கள் மனசு சங்கடப்படும். அதற்குப் புதுத் துணி வாங்கித் தையுங்கள். ஆனால் பிறந்த குழந்தைக்கு முதலில் எதைச் சுற்றுகிறோம்? பாட்டியின் பழைய சேலை, தாத்தாவின் வேட்டி. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி. தொட்டில் கம்பியில் தொங்குவதும் பெரும்பாலும் பழைய சேலைதான். ஆகவே பிள்ளைக்குப் பழந்துணி தைத்துக் கொடுப்பது நம்மிடம் ஏற்கெனவே உள்ள வழக்கம். அம்மனுக்குச் சாத்திப் பிரசாதமாகக் கிடைத்த புடவையையும், சாமி படம் அச்சடித்த துண்டையும் மட்டும் வெட்ட வேண்டாம். காலில் படும், மேலே உட்காருவார்கள்.

இன்னொரு விஷயம், இதை நான் பட்டுத்தான் கற்றேன். என் பாட்டி காலமாகி ஒரு வருசம் கழித்து, அம்மாவுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு போர்வை தைத்தேன். அலமாரியில் இருந்த பாட்டியின் சேலை, ஊதாக் கட்டம் போட்டது. ரகசியமாக எடுத்து வெட்டினேன். அம்மா பார்த்ததும் அழுதுவிடுவார், கட்டிப்பிடிப்பார் என்று கற்பனை வேறு. அழுதார், அது உண்மைதான். "அதை நான் துவைக்காம வெச்சிருந்தேன்டா" என்றார். பாட்டியின் வாசம் அதில் இருந்ததாம். நான் தைப்பதற்கு முன் சோப்புப் போட்டு இரண்டு முறை அலசியிருந்தேன். எவ்வளவு ஒழுங்காகச் செய்தேனோ அவ்வளவும் தப்பு. மன்னிப்புக் கேட்டேன், அவரும் பரவாயில்லை என்றார், ஆனால் அந்தப் போர்வையை ரொம்ப நாள் பிரிக்கவே இல்லை. மிச்சம் இருந்த முந்தானையை இப்போது அவரே வைத்திருக்கிறார். நான் தொடுவதில்லை.

அதனால், இறந்தவர்களின் துணியில் கத்தரிக்கோல் வைக்கும் முன் வீட்டில் எல்லாரிடமும் கேளுங்கள். பெரியம்மா, சித்தி, மாமா வரைக்கும். ஆச்சரியப் பரிசு என்பதை விட்டுக்கொடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. சித்தி ஒருவேளை "கரையை மட்டும் எனக்குக் குடு" என்பார். சில வீடுகளில் "எடுத்துட்டுப் போ, அங்கே கிடந்து பூச்சிதான் அரிக்குது" என்று மூட்டையாகவே வரும்.

கொடுக்கும் போது கூச்சம் வரும். மேசையில் வாசனைத் திரவியப் பெட்டியும் பிராண்ட் பையும் இருக்க, நம்முடையதைச் செய்தித்தாளில் சுற்றியதுபோல் தோன்றும். குசேலரும் கந்தையில் முடிந்த அவலை துவாரகையின் அரண்மனையைப் பார்த்ததும் ஒளித்துக்கொண்டவர்தான். கண்ணன் பிடுங்கித் தின்ன வேண்டியிருந்தது. உங்கள் தோழி கண்ணன் இல்லை, பிடுங்கமாட்டாள். நீங்களே எடுத்து நீட்டுங்கள்.

பின்பக்க மூலையில் நூலால் பெறுபவர் பெயர், உங்கள் பெயர், வருசம் மூன்றையும் தைக்க மறக்காதீர்கள். மை கொண்டு எழுதினால் நாலு துவைப்பில் போய்விடும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஐந்து அங்குலச் சதுரத் துணி ஒன்று, கேட்டு வாங்கியதாக, கொண்டு வாருங்கள். அது யாருடைய துணி என்று ஒரு நிமிசம் சொல்ல வேண்டும். முப்பத்தாறு சேர்ந்தால் அங்கேயே உட்கார்ந்து தைக்க ஆரம்பிப்போம். முதியோர் இல்லத்தில் யாருக்குக் கொடுப்பது என்பதைக் கூடிப் பேசி முடிவு செய்யலாம். ஊசியும் நூலும் நான் கொண்டு வருகிறேன். கத்தரிக்கோல் கூர்மையானது வீட்டில் இருந்தால் எடுத்து வாருங்கள்; எங்கள் வீட்டில் இருப்பது மீன் வெட்டுகிற கத்தரிக்கோல்.